மணல் முற்றத்தில் மூடாத பொல்லு

பொல்லு, தரை ஓடு, ஓட்டோக் கூலி என்று எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் 25,000 ரூபாய்க்குக் கிட்ட வருகிறது. அதோடு கடை பூட்டிக் கிடந்த 5 நாள். இவ்வளவையும் கொட்டின பிறகுதான் ஒரு மடக்குப் பொல்லை, அதாவது தற்காப்புக்கு வைத்திருக்கிற, நீட்டி மூடுகிற தடியை, எப்படிப் பார்த்து வாங்குவது, வாங்கினால் எப்படி வைத்திருப்பது என்று எனக்கு விளங்கியது. முதலில் கேட்க ஒரு ஆள் இருக்கவில்லை. ஆம்பிளைகளிடம் கேட்டால் உனக்கெதுக்கு இதெல்லாம் என்பார்கள், பொம்பிளைகளிடம் கேட்டால் என்னவோ நடந்துவிட்டது என்று பயந்து ஊர் முழுக்கச் சொல்லிவிடுவார்கள். அதனால் நான் பட்டதை அப்படியே எழுதுகிறேன்.

களுவாஞ்சிக்குடியில் எனக்கு ஒரு சின்னக் கொமினிகேசன் கடை. போட்டோக்கொப்பி, ரீலோட், பிள்ளைகளின் அசைன்மென்ட் டைப் பண்ணிக் கொடுப்பது, அவ்வளவுதான். வீடு பழுகாமத்துப் பக்கம். மட்டக்களப்பு வாவியைத் தெரிந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, கடல் பக்கம் எழுவான்கரை, வாவிக்கு அங்கால் படுவான்கரை. கடை எழுவானில், வீடு படுவானில், நடுவில் பட்டிருப்புப் பாலம். இரவு எட்டே காலுக்குக் கடையைப் பூட்டி, அன்றைய காசைப் பையில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டியில் பாலத்தைத் தாண்டினால் சனம் குறைந்துவிடும், பிறகு தண்ணீரும் வயலும் இருட்டும்தான். வீட்டுக்காரர் கட்டாரில். வீட்டில் அம்மாவும் ஒன்பது வயது மகளும்.

இரண்டு வருடத்துக்கு முன், கச்சான் காற்று அடித்துக்கொண்டிருந்த காலம். பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள் வந்தது. முந்தட்டும் என்று ஓரமாக விட்டேன். அது முந்தாமல் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு வந்தது. பின்னால் இருந்தவனின் கை கழுத்தில் பட்டபிறகுதான் என்ன நடக்கிறதென்று என் தலைக்குள் ஏறியது. தாலிக்கொடி சால்வைக்கு உள்ளே கிடந்ததால் அவன் பிடித்தது சால்வையை. சால்வை போனது, கழுத்தில் நகக் கீறல், ஸ்கூட்டி வயல் பக்கம் சரிந்து முழங்கால் தோல் உரிந்தது. கொடி தப்பியது. விழுந்த இடத்தில் நான் செய்த முதல் வேலை என்ன தெரியுமா, யாராவது கண்டுவிட்டார்களோ என்று சுற்றிப் பார்த்தேன். வெட்கம்தான் முதலில் வந்தது, ஏதோ நான் பிழை செய்த மாதிரி. பயம் அடுத்த நாள் கடை பூட்டுகிற நேரம்தான் வந்தது, சாவியைப் பூட்டுக்குள் போட முடியாமல் கை நடுங்கியது. அவரிடம் சொல்லவில்லை, சொன்னால் கடையை மூடு என்பார். பொலிசுக்கும் மூன்றாம் நாள்தான் போனேன். முறைப்பாடு எழுதினவர், அன்றைக்கே பொலிசின் அவசர இலக்கம் 119க்கு அடித்திருந்தால் அடுத்த சந்தியில் மறித்திருக்கலாமே என்றார். அவர் சொன்னது சரி. விழுந்தால் எழும்பினவுடன் செய்யவேண்டியது அதுதான், வெட்கப்படுவது பிறகு.

அப்புறம் இரவிரவாக வீடியோ பார்க்கத் தொடங்கினேன். மிளகாய் ஸ்பிரேயை யோசித்தேன், ஆனால் எங்கள் பாலத்துக் காற்றில் அதை அடித்தால் என் கண்ணுக்குத்தான் வரும். கத்தி வேண்டவே வேண்டாம் என்று மனம் சொன்னது. கடைசியில் இந்தப் பொல்லில் வந்து நின்றேன். பத்திரிகைத் தமிழில் குண்டாந்தடி என்று எழுதுவார்கள், எங்கள் பக்கம் பொல்லு. ஒன்றுக்குள் ஒன்று சொருகின மூன்று இரும்புக் குழாய், மூடினால் ஒரு டோர்ச் அளவு, கையை வீசினால் மூன்று மடங்கு நீளத்துக்கு வந்து பூட்டிக்கொள்ளும். வீடியோவில் ஒரு பெண் வீசுகிறாள், சடார் என்று சத்தம், எதிரில் நிற்கிறவன் ஓடுகிறான். நான் அதை நம்பினேன். 26 அங்குலம், கறுப்பு நிறம், 3,800 ரூபாய், வீட்டுக்குக் கொண்டுவந்து தர 350.

வந்த அன்றைக்கு இருந்த சந்தோசத்தை மறைக்கத் தேவையில்லை. அறைக் கதவைப் பூட்டிக்கொண்டு ஒரு பத்துத் தரமாவது வீசிப் பார்த்திருப்பேன். கொஞ்சம் கரகரவென்று வந்ததால் அம்மாவின் தையல் மெசின் எண்ணெயை எடுத்து ஒவ்வொரு மூட்டிலும் விட்டேன். அதற்குப்பிறகு வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது, நல்லாயிருக்கிறதே என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை முற்றத்து மாமரத்தில் ஒரு பழைய டயரைக் கட்டித் தொங்கவிட்டு ஓங்கி ஒரு அடி. பொல்லு அப்படியே உள்ளே மடங்கி என் கைக்குள் வந்தது. இரண்டு குழாய்க்கு நடுவில் பெருவிரலுக்குக் கீழே உள்ள சதை நெரிபட்டு இரத்தம் கட்டிப்போனது. திரும்ப நீட்டி டயரைக் குத்திப் பார்த்தேன், அதிலும் உள்ளே போய்விட்டது. மகள் திண்ணையில் இருந்து சிரித்தாள். எனக்கு அழுகை வந்தது. ஒரு மாதமாக இதைப் பையில் வைத்துக்கொண்டுதான் தைரியமாகப் பாலம் தாண்டியிருக்கிறேன்.

கடைக்குப் பக்கத்து ஒழுங்கையில் லேத் வைத்திருக்கிற அண்ணன் ஒருவர் இருக்கிறார். சுற்றிவளைக்காமல் அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஏன் எதற்கு என்று அவர் கேட்கவில்லை, அதற்கே அவருக்குக் கோயில் கட்டலாம். அடி மூடியைக் கழற்றி வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்துவிட்டு விளக்கினார். இந்த வகைப் பொல்லுக்குள் கொளுக்கியோ பூட்டோ எதுவும் இல்லையாம். ஒவ்வொரு குழாயும் அடிப்பக்கம் ஒரு மயிரளவு அகன்று நுனிப்பக்கம் ஒடுங்கி இருக்கும். வீசும்போது உள்குழாயின் அகன்ற அடி வெளிக்குழாயின் ஒடுங்கின வாயில் போய் இறுகும். இரும்பும் இரும்பும் உரசிப் பிடிக்கிற பிடிதான் எல்லாமே. "மம்பட்டிக்குப் பிடி போட்டு ஆப்பு அடிக்கக்குள்ள ஆப்புக்கு எண்ணெய் பூசுவியா தங்கச்சி?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியில் எனக்கு முழுக்கதையும் விளங்கிவிட்டது. இறுகிப் பூட்டுகிற பொல்லின் மூட்டுகளுக்கு எண்ணெய், கிறீஸ், தேங்காயெண்ணெய் எதுவும் ஆகாது. கரகரவென்று வருவது குறையே இல்லை.

ஆனால் என்னுடையதில் எண்ணெய் மட்டும் பிழை இல்லை. குழாய்க்குள் நீளவாக்கில் ஒரு கோடு ஓடுவதைக் காட்டினார், தகட்டை உருட்டி ஒட்டின குழாய். அரத்தால் ஒரு மூலையில் இழுத்தவுடன் கறுப்பு மையும் அதற்குக் கீழே இருந்த முலாமும் உரிந்து, மெல்லிய இரும்பு தெரிந்தது. நல்ல பொல்லுகளை ஒட்டில்லாத குழாயில், பதப்படுத்தின உருக்கில் செய்வார்கள். 4140 என்று ஒரு உருக்கு இருக்கிறது, குரோமியமும் மொலிப்டினமும் கலந்தது, அச்சு, பற்சில்லுக்கெல்லாம் போடுகிற சாமான், அந்த வகைதான் வேண்டும். என்னுடையதன் வாய் ஒடுக்கமும் சரியாகக் கடையப்படவில்லை, அதனால் எண்ணெயைத் துடைத்தாலும் பாதிதான் இறுகும் என்றார். ஆக 4,150 ரூபாய் போனது. திருப்பி அனுப்பலாமென்று விற்றவர்களுக்கு நாலு தரம் எழுதினேன், மறுமொழி இல்லை.

நல்லது வேண்டுமென்று லண்டனில் இருக்கிற பெரியம்மாவின் மகனுக்குப் போன் எடுத்தேன், விடுமுறைக்கு வரும்போது ஒன்று வாங்கி வாங்களேன் என்று. அண்ணன் போனுக்குள்ளேயே குதித்தார். அங்கே 2004இலேயே இந்த வகைப் பொல்லைத் தாக்குதல் ஆயுதப் பட்டியலில் போட்டு விற்பதையும் கொண்டுவருவதையும் தடுத்துவிட்டார்களாம், 2021இலிருந்து வீட்டு அலுமாரிக்குள் வைத்திருந்தாலே குற்றமாம். "என்னை உள்ளுக்குப் போடப் பாக்கிறியா?" என்றார். வெளிநாட்டில் உறவு இருக்கிறவர்கள் இதைக் கவனியுங்கள், நாட்டுக்கு நாடு சட்டம் வேறு. விமானத்தில் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு வருகிற எண்ணமும் வேண்டாம்.

இரண்டாவது பொல்லை, செக்கியூரிட்டிக்காரர்களுக்குச் சீருடை, பெல்ட் விற்கிற கடையொன்றில் தெரிந்த ஒருவர் மூலம் கொழும்பில் எடுப்பித்தேன், 14,500 ரூபாய். இந்த முறை கையில் பிடித்துப் பார்க்காமல் காசு தரமாட்டேன் என்று சொல்லி வைத்தேன். பொதுவாக வருகிற அளவு 16, 21, 26 அங்குலம். நீளம் கூடினால் நல்லது என்றுதான் எல்லாரும் நினைப்போம், நானும் அப்படித்தான் 26ஐ வாங்கினேன். என் கைக்கு அது நுனி பாரம், ஒருதரம் வீசினால் திருப்பி எடுக்க நேரம் போகும், மூடினாலும் பத்து அங்குலத்துக்குக் கிட்ட இருப்பதால் இடுப்பில் செருகி ஸ்கூட்டியில் இருந்தால் விலாவில் குத்தும். 16 கைக்கு அடக்கம், ஆனால் ஆளை அவ்வளவு கிட்டே வரவிட வேண்டும். 21 அங்குலம் மூடினால் எட்டு அங்குலத்துக்குள், உருக்கில் செய்தது அரைக் கிலோ அளவில் வரும், எனக்கு அதுதான் சரிவந்தது. அலுமினியத்திலும் இருக்கிறது, பாரமில்லை, ஆனால் அடியிலும் பாரமிருக்காது. பொத்தான் அமத்தி மூடுகிற வகை ஒன்றும் காட்டினார்கள். அதை அடித்து மூடத் தேவையில்லை, குத்தினாலும் உள்ளே போகாது, ஆனால் விலை எனக்கு எட்டவில்லை, உள்ளே சின்னச் சின்னப் பாகங்கள் இருக்கிறதால் மணல் போனால் என்ன ஆகுமோ என்ற யோசனையும் வந்தது. இறுகுகிற வகையையே எடுத்தேன்.

வாங்கும்போது நான் பார்த்தது இவ்வளவுதான். அடி மூடியைக் கழற்றிக் குழாய்க்குள் ஒட்டுக்கோடு இருக்கிறதா என்று டோர்ச் அடித்தேன். மூடியபடி காதுக்குக் கிட்ட ஆட்டினேன், கடகடவென்று அடித்தால் தளர்வு. நீட்டிவிட்டு நுனியைச் சுவரில் வைத்து உடம்புப் பாரத்தைக் கொடுத்து மெதுவாகத் தள்ளினேன். எந்த இறுகு பொல்லும் ஓங்கிக் குத்தினால் உள்ளே போகத்தான் செய்யும், மெதுவாகத் தள்ளுவதற்கே போனால் அது பொல்லு இல்லை. நுனியில் இருக்கிற குமிழை விரலால் திருகிப் பார்த்தேன், ஆடக்கூடாது. பிடி றப்பராக இருக்கட்டும் என்றேன். பஞ்சு மாதிரி இருக்கிற பிடி வியர்வையையும் மழையையும் குடித்து வைத்துக்கொள்ளும், பிறகு அதற்குக் கீழே கறள் பிடிக்கும்.

வீட்டுக்கு வந்து நீட்டினேன், இறுகியது, டயருக்கு அடித்தேன், அசையவில்லை. சரி, இனி மூட வேண்டும். இந்த வகையை மூடுவதற்கு நுனியைக் கெட்டியான தரையில் நேராக நிமிர்த்தி ஓங்கிக் குத்த வேண்டும், அப்போதுதான் அந்த இறுக்கம் விடும். எங்கள் பக்கத்து முற்றங்கள் எப்படியென்று உங்களுக்குத் தெரியும். மணல். குத்தக் குத்தப் பொல்லு மணலுக்குள் போனதே தவிர மூடவில்லை, மூட்டு வாயெல்லாம் மணலும் ஏறியது. வீடியோவில் வருகிறவர்கள் எல்லாம் கொங்கிறீட் தெருவில் நிற்கிறார்கள், மணலில் நிற்கிறவளுக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆத்திரத்தில் உள்ளே போய் விறாந்தைத் தரையில் ஒரு குத்துக் குத்தினேன். பொல்லு மூடியது, ஓடு நட்சத்திரம் மாதிரி வெடித்தது. அதே நிறத்து ஓடும் மேசன் கூலியுமாக 2,800. அம்மா வெடித்த ஓட்டைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தார். "பொல்லோட வந்தவங்களக் கண்டு ஓடினது போதாதா, இப்ப நீ பொல்லோட திரியப் போறியா?" என்றார். எங்கள் ஊரில் அம்மாவின் வயதில் உள்ள ஒருவர் அப்படிக் கேட்டால் மறுமொழி சொல்ல முடியாது. நான் சொல்லவுமில்லை. இப்போது கிணற்றடியில் உடுப்புத் தோய்க்கிற கல்லின் மேல் ஒரு முதிரைப் பலகைத் துண்டை வைத்து அதில்தான் குத்துகிறேன். சரிவாகக் குத்தினால் குழாய் வளையும், செங்குத்தாகக் குத்த வேண்டும். முதல் குத்துக்கு ஒரு மூட்டும் அடுத்ததற்கு மற்றதும் விடும்.

ஒரு மாதம் போயிருக்கும், வீதிச் சோதனையில் மறித்தார்கள். லைசன்ஸ், இன்சூரன்ஸ் எல்லாம் சரி. பையைத் திறக்கச் சொன்னார்கள். பொல்லைக் கண்டதும் முகம் மாறியது. எனக்குத் தெரிந்த சிங்களத்தில் விளக்கப் போய் அது இன்னும் மோசமானது, தமிழ் தெரிந்தவர் ஒருவர் வரும்வரை ஒன்றரை மணித்தியாலம் வீதியோரத்தில் நின்றேன். கடைக்கு வருகிற தெரிந்த முகங்கள் எல்லாம் என்னைப் பார்த்துக்கொண்டே போனார்கள். முதல் நடந்த சம்பவத்துக்கு நான் போட்ட முறைப்பாட்டின் துண்டு பையில் இருந்ததால்தான் பெயர் விபரம் எழுதிக்கொண்டு விட்டார்கள். மூன்று நாள் பிந்தியாவது போட்டேனே என்று அன்றைக்கு நினைத்தேன். அந்தத் துண்டைக் கொப்பி எடுத்து லமினேட் பண்ணி வைத்திருக்கிறேன், கடையே என்னுடையதுதானே.

அடுத்த நாளே, கடைக்குக் கொப்பி எடுக்க வருகிற சட்டத்தரணி ஒருவரைப் பிடித்துக்கொண்டேன். அவர் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இலங்கையின் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையில் 89ஆம் பிரிவிலிருந்து தனிப்பட்ட பாதுகாப்பு உரிமை என்று இருக்கிறது. நம்மைத் தாக்க வருகிறவனைத் தடுக்கலாம், ஆனால் தடுப்பதற்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான், அதற்கு மேலே போனால் உரிமை முடிந்தது. பொலிசைக் கூப்பிட நேரமிருந்தால் அந்த உரிமையே இல்லை. "அவன் திரும்பி ஓடுறான், நீ கலைச்சுக்கொண்டு போய் அடிக்கிறாய் எண்டால், பிள்ள, அதுக்குப் பேர் பாதுகாப்பு இல்ல" என்றார். வெறுங்கையால் அடிப்பதைவிட ஆயுதத்தால் காயப்படுத்துவதற்குத் தண்டனையும் கூட. அதோடு, ஒரு பொலிஸ்காரர் இதைக் கண்டு ஆயுதம் என்று நினைத்தால் விளக்கம் சொல்ல வேண்டியது நான்தான், கோபப்படாமல் சொல்ல வேண்டும், கோயில் திருவிழா, கூட்டம், தேர்தல் காலம் என்றால் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போ என்றும் சொன்னார். இதைக் காசு கொடுத்து வாங்குவதற்கு முன்னம் அவரிடம் கேட்டிருக்க வேண்டும். எப்போதும் வருகிற ஆள், ஒரு தேத்தண்ணி வாங்கிக் கொடுத்துக் கேட்டிருந்தால் முடிந்தது.

பழக்கம் பற்றி. முதல் கிழமை மணிக்கட்டு வீங்கியது, டயர் திருப்பி அடிக்கும் என்று யாருக்குத் தெரியும். பிடியை நெரிக்காமல், அடி படுகிற கணத்தில் மட்டும் இறுக்கினால் வலி குறையும். நான் பழகினது தொடை, கெண்டைக்கால் உயரத்துக்கு மட்டும். டயரில் சோக்கட்டியால் கோடு போட்டு அதற்கு மேலே அடித்தால் எனக்கு நானே தோற்றேன் என்று வைத்துக்கொண்டேன். தலை, கழுத்து, முதுகெலும்பு மூன்றும் கனவிலும் வேண்டாம், உருக்குக் குமிழ் மண்டையில் பட்டால் ஒரு உயிர் போய்விடும், அப்புறம் நம் வாழ்க்கையும் போய்விடும். இன்னொன்று, ஓடுகிற ஸ்கூட்டியில் இருந்துகொண்டு இதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. ஒரு கை அக்சிலேட்டரில், மற்றக் கை பிறேக்கில். முதல் நாள் எனக்கு நடந்தது திரும்ப நடந்தால் இந்தப் பொல்லு பையிலேயேதான் கிடந்திருக்கும். இதை ஒத்துக்கொள்ள எனக்குப் பல மாதம் எடுத்தது. 18,000 ரூபாய்க்கு மேல் செலவழித்துவிட்டு, எதற்காக வாங்கினேனோ அதற்கு இது உதவாது என்று யார்தான் ஒத்துக்கொள்வார்கள்.

பிறகு மாரி தொடங்கியது. மழைக்கோட்டுக்கு மேலால் பை போட முடியாது, அதனால் பொல்லைத் தூக்கி ஸ்கூட்டி சீற்றுக்குக் கீழே போட்டேன். அங்கே ஈர மழைக்கோட்டோடும் பழைய துணியோடும் இரண்டு மாதம் கிடந்தது. நீட்டிப் பார்க்கவே இல்லை. தையில் ஒரு இரவு, தூறல், பாலத்துக்கு இங்கால் மீன் கழிவு கொட்டுகிற இடத்தில் கட்டாக்காலி நாய்கள் நாலைந்து வீதியில் நின்றன. வேகத்தைக் குறைத்ததுதான் தாமதம், இரண்டு பாய்ந்து வந்தன. நிறுத்தினேன், இறங்கினேன், சீற்றைத் திறந்தேன், மழைக்கோட்டுக்குக் கீழே தடவி எடுத்தேன், வீசினேன். நுனிக் குழாய் மட்டும் வந்தது. நடுக் குழாய் வரவில்லை. திரும்ப வீசினேன், வரவில்லை. ஒரு சாண் கம்பியோடு நான் நிற்க, ஒரு நாய் பின்னால் வந்து கெண்டைக்காலைக் கவ்வியது. நான் போட்ட சத்தத்துக்குத் தோணிக்காரர் ஒருவர் தடியோடு ஓடிவந்தார். சாதாரணக் கம்புத் தடி, என்னுடையதைவிட மூன்று மடங்கு நீளம், நாய்கள் அதைக் கண்டவுடனேயே போய்விட்டன. "என்ன புள்ள கையில, டோச்சா?" என்று கேட்டார். நான் ஓம் என்றேன்.

அவர் வீட்டுக் குழாயடியில் வைத்துக் காயத்தைச் சவர்க்காரம் போட்டு, ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவினோம். விசர்நாய்க் கடிக்கு இதுதான் முதல் வேலை, மஞ்சள், சுண்ணாம்பு எதையும் அப்பவேண்டாம். அந்த இரவே அரச ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி தொடங்கியாயிற்று. ஊசி இலவசம். சொன்ன திகதி ஒவ்வொன்றுக்கும் போய் வர ஓட்டோவுக்கு எல்லாமாக 2,400. கால் வீங்கினதால் கடை 5 நாள் பூட்டு, அதுவும் பள்ளிக்கூடம் தொடங்குகிற நேரம், கொப்பி எடுக்கிற வேலை குவிகிற காலம். கட்டாருக்கும் அன்றைக்குத்தான் சொன்னேன், சால்வையிலிருந்து நாய் வரைக்கும் முழுக்க. அவர் ஏசவில்லை. கனநேரம் ஒன்றும் பேசாமல் இருந்தார், அது ஏச்சைவிடக் கஷ்டமாக இருந்தது.

லேத் அண்ணன் பொல்லை வாங்கி அடி மூடியைக் கழற்றித் தட்டினார், காகிதத்தில் ஒரு கரண்டி மணலும் கறள் தூளும் விழுந்தது. நடுக் குழாயின் அடி கறளில் ஒட்டியிருந்தது. நல்ல உருக்குத்தான், ஆனால் வாவிக் காற்றும் கடல் காற்றும் அடிக்கிற ஊரில் ஈரத்துணிக்குள் இரண்டு மாதம் போட்டு வைத்தால் எதுதான் தாங்கும். அன்றைக்கு அவர் காட்டித் தந்தபடிதான் இன்றுவரை செய்கிறேன். முழுக்க நீட்டி ஒவ்வொரு குழாயையும் உலர்ந்த பருத்தித் துணியால் துடைக்க வேண்டும், மூட்டு வாயில் துணி நுனியை விட்டுச் சுற்ற வேண்டும். கறள் புள்ளி கண்டால் பாத்திரம் தேய்க்கிற பச்சை ஸ்கிரப்பராலோ மெல்லிய இரும்புப் பஞ்சாலோ லேசாக, கறள் போகுமட்டும்தான், குழாயே தேய்ந்தால் இறுக்கம் போய்விடும், அதனால் மண்தாளை மறந்துவிடுங்கள். மழையில் நனைந்தால் அன்றிரவே நீட்டி மின்விசிறிக்குக் கீழே வைத்துவிட்டு, காலையில் மூட வேண்டும். நீட்டின கையோடு மூடினால் ஈரம் உள்ளே போய் நின்றுவிடும். நுனிக் குமிழையும் அடி மூடியையும் கையால் இறுக்கிப் பார்க்க வேண்டும். அடி மூடி கழன்றால் மூடுகிற குத்தில் உள்குழாய் பின்பக்கத்தால் வெளியே வந்து உங்கள் மேலேயே பாயும்.

அடி மூடிக்குள் கவை மாதிரி ஒரு சின்ன ஸ்பிரிங் தகடு இருக்கும், மூடின பொல்லு தானாக நழுவி வெளியே வராமல் நுனிக் குழாயைப் பிடித்து வைப்பது அதுதான். பழகப் பழக அது தளரும். எங்கள் வீதிக் குழிகளில் ஸ்கூட்டி குலுங்கும்போது பொல்லு தானாகப் பாதி நீண்டு நின்றது எனக்கு இரண்டு தரம் நடந்திருக்கிறது. மூடியைக் கழற்றி அந்தக் கவையின் இரண்டு காலையும் விரலால் மயிரளவு அகட்டிவிட்டால் திரும்பப் பிடிக்கும். நான் முதல் தரம் ஆசைப்பட்டுக் கூட அகட்டிவிட்டேன், பிறகு தோள் கழன்றாலும் வீசித் திறக்க முடியவில்லை, திரும்பக் குறைக்க வேண்டி வந்தது. தலைகீழாகப் பிடித்தால் விழக்கூடாது, ஓங்கி வீசினால் ஒரே தரத்தில் வர வேண்டும், அந்த நடு இடத்தைப் பிடிக்க அரை மணித்தியாலம் எடுக்கும். வீச இடமில்லாத நேரம் நுனியைக் கையால் பிடித்து வெடுக்கென்று இழுத்தாலும் இறுகும், இதையும் பழகி வையுங்கள்.

இப்போது பொல்லு பையிலும் இல்லை, சீற்றுக்குக் கீழேயும் இல்லை. 1,200 ரூபாய்க்கு ஒரு உறை வாங்கி வலப்பக்க இடுப்பில் போட்டிருக்கிறேன், சால்வை மறைக்கும், கை நேரே போய் நிற்கும். ஆனால் உண்மையாகவே என் பயத்தைக் குறைத்தது வேறு விடயங்கள். கடையை ஏழு மணிக்கே பூட்டுகிறேன், வருமானத்தில் கொஞ்சம் குறைகிறதுதான். பக்கத்துத் தையல் கடைப் பிள்ளைகள் இரண்டு பேரும் படுவான்கரைதான், மூன்று ஸ்கூட்டியும் ஒன்றாகப் பாலம் ஏறும். காசைப் பின்னேரமே வங்கி மெசினில் போட்டுவிடுகிறேன். கொடி வீட்டில், கழுத்தில் கவரிங். நல்ல டோர்ச் ஒன்று ஸ்கூட்டிக் கூடையில். நாய் நிற்கிற இடத்தில் இப்போது வேகத்தைக் கூட்டுவதுமில்லை, இறங்குவதுமில்லை, வெளிச்சத்தை முகத்துக்கு அடித்துக்கொண்டு ஒரே வேகத்தில் போய்விடுகிறேன்.

பழைய 26 அங்குலத்தை அம்மா எடுத்துக்கொண்டார். பக்கத்து வளவு ஆடு மல்லிகைக்கு வரும்போது அதை நீட்டிக் காட்டுவார், ஆடு பயப்படுகிறதோ இல்லையோ, அது தானாகச் சுருங்கி உள்ளே போகிறதைப் பார்க்க மகளுக்குச் சிரிப்பு. புதியதுக்கு ஒவ்வொரு போயாவுக்கும், அதாவது பௌர்ணமி விடுமுறைக்கும், வேலை, கடை பூட்டுத்தானே. காலையில் கிணற்றடியில் துணியோடு உட்கார்ந்து துடைத்து, டயருக்கு இருபது அடி அடித்து, பலகையில் இரண்டு குத்துக் குத்தி மூடிவிட்டுத்தான் குளிப்பேன். போன போயாவுக்கு அம்மா குசினியிலிருந்து சத்தத்தை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார். "பத்தொம்பதுதான் அடிச்சிருக்காய், மற்றதையும் அடிச்சுப்போட்டு வா, புட்டு ஆறுது" என்றார்.